நட்டஈடு யாருக்குப் போனது? தெஹியோவிட்ட தோட்டங்களிலிருந்து ஒரு கடன் கணக்கு

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நுண்கடன் தள்ளுபடித் திட்டமொன்றை அறிவித்தார். ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனைப் பெற்று, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தவணை கட்ட முடியாமல் போன பெண்களுக்கான திட்டம் அது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்கள் தெரிவு செய்யப்பட்டன. வடக்கின் ஐந்தும் கிழக்கின் மூன்றும் அதில் இருந்தன; வடமத்தியிலும் வடமேல் மாகாணத்திலும் இவ்விரண்டு. சுமார் 75,000 பெண்கள் பயனடைவார்கள் என்றார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய பெயர், அல்லது உங்கள் தாயினதோ அக்காவினதோ பெயர், அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

கேகாலை மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே வறட்சி இல்லை என்பதுதான் காரணம். அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் வீதியில் கரவனெல்லைக்கு முன்னால் வரும் தெஹியோவிட்ட, நாட்டின் ஈரவலயத்துக்குள் இருக்கிறது. மேலே போகப் போக யட்டியாந்தோட்டை, ஒரு பக்கம் தெரணியகலை, எங்கு திரும்பினாலும் இறப்பர், இடையிடையே தேயிலை. இங்குள்ள தோட்டப் பெண்கள் கடன் கட்டத் தவறுவதற்கு மழைதான் முதற்காரணம். பட்டை நனைந்திருந்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டையில் விழுவது பாலா தண்ணீரா என்று தெரியாது. வெட்டு இல்லாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. மழை பெய்யும் ஊர் என்பதால் இவர்களுக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை, அதே மழையால்தான் இவர்கள் கடனாளியானார்கள்.

நான் பேசிய ஒரு அக்காவின் கணக்கை இங்கே வைக்கிறேன். பெயர், தோட்டத்தின் பெயர், கம்பனிகளின் பெயர் எதையும் எழுதவில்லை. 2022இன் தொடக்கத்தில் லயத்துக் கூரைக்குத் தகரம் வாங்க 50,000 ரூபா கடன் எடுத்தார். பதினான்கு மாதங்களில் அது நான்கு கம்பனிகளிடம் ஐந்து கடன்களானது. கடைசி மூன்றும் முந்தியவற்றைக் கட்டுவதற்காக எடுத்தவை. ஒரு கட்டத்தில் கிழமைக்குக் கட்டவேண்டிய தொகை 4,600 ரூபா. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. மழையில்லாத கிழமையில் ஐந்து நாள் வெட்டினால் 5,000 ரூபா, அதிலும் ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, மாத நடுவில் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் கழிய வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர். பெப்ரவரியில் மரம் இலையுதிர்க்கும்போது பால் தானாகவே குறைந்துவிடும். புருஷனுக்கு அவிசாவளையில் மேசன் வேலை, அதுவும் நாட்கூலி.

"லோன் குடுக்க வந்த தம்பிக்கு இதெல்லாம் தெரியாதா அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன தங்கச்சி. அவரும் பக்கத்துத் தோட்டத்துப் புள்ளதான். அவுங்க அம்மாவும் பால் வெட்டுறவங்கதான்" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு பொலித்தீன் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். கம்பனியொன்று அவரை மத்தியஸ்த சபைக்கு அழைத்தபோது கிடைத்த விண்ணப்பப் பிரதி ஒன்று அதற்குள் இருந்தது. முழுவதும் சிங்களத்தில். அவர் தமிழில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். தொழில் என்ற இடத்தில் "தையல்" என்றிருந்தது. மாத வருமானம் 65,000 ரூபா. அக்காவிடம் தையல் மெஷின் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. வேறு கடன்கள் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியவரே முந்திய கிழமை இன்னொரு கம்பனியின் சென்டர் கூட்டம் அதே லயத்து வாசலில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு போனவர்.

அந்த ஒரு தாளைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. நுண்கடனைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கடன் வாங்கியவளைப் பற்றியே பேசுகிறோம். ஏன் வாங்கினாள், எதற்குச் செலவழித்தாள், ஏன் கட்டவில்லை. அனுதாபத்தோடு பேசுகிறவர்களும் நிதி அறிவு போதாது, பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்தும், தெரிந்துகொள்ள வேண்டிய கடமை இருந்தும், வருமானத்தைக் கற்பனையாக எழுதிக் கடன் கொடுத்தவர் செய்ததற்குப் பெயர் என்ன? உலகில் சில நாடுகளின் சட்டத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது. பொறுப்பற்ற கடன் வழங்கல். அதனால் ஏற்பட்ட இழப்புக்குக் கடன் கொடுத்தவரே நட்டஈடு தரவேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2018இல் திறைசேரி ஒதுக்கிய சுமார் 1.4 பில்லியன் ரூபா எந்தப் பெண்ணின் கைக்கும் போகவில்லை. அவர்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனங்களுக்கு ஈடு செய்யவே அது ஒதுக்கப்பட்டது. அந்தப் பெண்களுக்கு நிம்மதி கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொறுப்பில்லாமல் கொடுத்த கடனுக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து ஈடு கிடைத்தது கொடுத்தவருக்கு. வட்டியாகவும் அபராதமாகவும் அதுவரை அந்தப் பெண்கள் கட்டிய பணம் கட்டியதாகவே போனது. தள்ளுபடி என்ற சொல்லில் தவறு செய்தவர் யார் என்ற கேள்வியே எழாது. மன்னிப்பவர் அரசு, மன்னிக்கப்படுபவள் கடனாளி.

வட்டிக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நட்டஈடு கேட்கும்போது முதலில் கையில் வேண்டியது இந்தக் கணக்குத்தான். 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000 ரூபா. "வருஷத்துக்கு 30 வீதம்தான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் முழு 50,000 ரூபாவும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. முதற்கிழமையிலிருந்தே முதலும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமான பணம்தான் உங்களிடம் மிஞ்சியிருக்கும், வட்டியோ முழுத்தொகைக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 54 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ரூபாவை முதலிலேயே பிடித்துக்கொண்டு 47,500 ரூபாவைக் கையில் கொடுத்தால் அது 65 வீதத்தைத் தொடுகிறது. ஒரு தவணை தவறினால் விழும் அபராதம் இதற்குள் இல்லை. 2018 செப்டெம்பரில் இலங்கை விஜயத்தை முடித்த, வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் தொடர்பான ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் அவர் பதிவு செய்தார்.

வன்னி வாசகர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. 2009க்குப் பிறகு ஏ9 வீதியோரம் முதலில் வந்து வரிசையாக நின்றவை நிதிக்கம்பனிகளின் பெயர்ப்பலகைகள்தான். ஆடும் மாடும் நகையும் முள்ளிவாய்க்காலில் விட்டு வந்த பெண்களிடம், நீங்கள் ஐந்து பேர் சேர்ந்தால் போதும், பிணை வேண்டாம் என்றார்கள். தோட்டத்திலும் அதே வசனம்தான். காரணமும் ஒன்றே: காணி உறுதி இல்லை. வடக்கில் உறுதி தொலைந்தது, எரிந்தது, அல்லது காணி முகாமுக்குள் இருந்தது. தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் லயன் காம்பரா கம்பனிக்குச் சொந்தம். அடகு வைக்க ஏதுமில்லாதவருக்கு வங்கி கதவைத் திறக்காது. அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் மானம் பிணையாக வைக்கப்படுகிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அந்த வாசலிலிருந்து எழும்ப முடியாது.

இந்த இரண்டு மண்ணுக்கும் இடையில் இரத்த உறவும் இருக்கிறது, அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1977இலும் 1981 ஓகஸ்டிலும் நடந்த வன்முறைகளின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் இருக்கும் குடும்பங்களில் பலவற்றின் வேர் மலையகத்தில். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை வன்னியில் நுண்கடனில் விழுந்தது, மறு கிளை கேகாலையில் விழுந்தது. 2018 பட்டியல் ஒன்றைச் சேர்த்தது, மற்றதை விட்டது.

இனி, கடன் கொடுத்தவரே ஈடு கொடுத்த இடங்களுக்கு வருவோம். இலண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள நம் உறவுகளுக்கு வொங்கா என்ற பெயர் நினைவிருக்கும். சம்பள நாள் வரைக்கும் என்று சிறு தொகைகளை மிக உயர்ந்த வட்டிக்குக் கொடுத்த கம்பனி. 2014 ஏப்ரலில் நுகர்வோர் கடன்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அங்கே நிதி நடத்தை அதிகார சபைக்கு மாறியது. அதே ஆண்டு ஒக்டோபரில், கட்டும் சக்தியை ஒழுங்காகப் பார்க்காமல் கடன் கொடுத்ததை அதிகார சபை கண்டறிந்ததைத் தொடர்ந்து, வொங்கா 330,000 பேரின் 220 மில்லியன் பவுண் கடனைக் கைவிட நேர்ந்தது. அந்தப் பணத்தை அரசு கொடுக்கவில்லை, கம்பனியின் கணக்கிலிருந்தே அது போனது. அதற்கு மேலும், தனித்தனியாக நிதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிட்டவர்களுக்கு, கட்டிய வட்டியும் கட்டணங்களும் திருப்பித் தரப்பட்டன, அதற்கு 8 வீத வட்டியும் சேர்த்து. இந்தக் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். முறைப்பாடுகள் குவிந்த நிலையில் 2018 ஓகஸ்டில் கம்பனி விழுந்தது. பிறகு நட்டஈட்டுக்குத் தகுதி பெற்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு பவுணுக்கு 4.3 பென்ஸ். காலம் கடத்தினால் நட்டஈடு காற்றில் போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நமக்கு இன்னும் நெருக்கமானது தென்னாபிரிக்கா. இலங்கையின் பொதுச் சட்டத்தைப் போலவே அவர்களுடையதற்கும் வேர் ரோமன்-டச்சுச் சட்டம். அங்கே 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் பொறுப்பற்ற கடனை வரையறுத்தது. கட்டும் சக்தியை மதிப்பிடாமல் கொடுத்த கடன், ஆபத்தை விளங்கிக்கொள்ளாதவருக்குக் கொடுத்த கடன், மேலும் கடன் சுமையில் தள்ளும் என்று தெரிந்தே கொடுத்த கடன் ஆகியன அதற்குள் அடங்கும். நீதிமன்றம் அத்தகைய கடனை முழுமையாகவோ பகுதியாகவோ இரத்துச் செய்யலாம். 2016 செப்டெம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றைப் படித்தபோது எனக்குத் தோட்டத்து ஆபிஸ் ஞாபகம் வந்தது. ஸ்டெலன்பொஸ் பல்கலைக்கழகச் சட்ட உதவி நிலையம் கொண்டுவந்த வழக்கு. பண்ணைத் தொழிலாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் எடுத்த சிறு கடன்களுக்காக, அவர்கள் வாழும் இடத்திலிருந்து தூரத்திலுள்ள நீதிமன்றங்களில், ஒரு எழுதுவினைஞரின் கையொப்பத்தோடு, சம்பளத்திலிருந்தே பணம் பிடிக்கும் கட்டளைகள் எடுக்கப்பட்டிருந்தன. நீதிபதி ஒருவர் பார்த்து, நியாயமா என்று தீர்மானிக்காமல் இனி ஏழையின் சம்பளத்தில் கை வைக்க முடியாது என்றது நீதிமன்றம். பண்ணையில் வேலை செய்பவர்களால் வழக்குப் போட முடிந்தது, ஒரு பல்கலைக்கழகம் பக்கத்தில் நின்றதால். நமது சட்ட பீடங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

உள்நாட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்று சொல்வது சரியல்ல. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் பெறும் கம்பனிகளைத்தான் முதன்மையாகக் கண்காணிக்கிறது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுப்பவர் அதன் வலைக்கு வெளியே. இந்த ஓட்டை வழியாகத்தான் பாதிக் கூட்டம் தோட்டத்துக்குள் வந்தது. ஆனால் மிகப் பழைய ஒரு சட்டம் உறங்கிக் கிடக்கிறது, 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணங்கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம். வட்டி மிதமிஞ்சியதாகவும் கொடுக்கல் வாங்கல் அநியாயமானதாகவும் இருந்தால் நீதிமன்றம் கணக்கை மீளத் திறந்து பார்க்க அது இடமளிக்கிறது. செட்டியார்களின் காலத்துக் கடனாளியை மனதில் வைத்து எழுதிய சட்டம். நூறு வருடத்துக்குப் பின்னர் கிழமைக் கடனுக்கும் பொருந்துமா என்பதை யாராவது ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். 1997இன் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் உண்டு.

வங்கிகளும் உரிமம் பெற்ற நிதிக்கம்பனிகளும் என்றால் இன்னும் நேரான வழி இருக்கிறது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வாடிக்கையாளரை நியாயமாக நடத்துவதும், தகவல்களை அவருக்கு விளங்கும் வகையில் வெளிப்படையாகத் தருவதும், முறைப்பாட்டைக் கையாள ஒரு பொறிமுறை வைத்திருப்பதும் நிறுவனத்தின் கடமை. மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1935. தையல் மெஷின் இல்லாதவரைத் தையல்காரியாக்கிய சிங்கள விண்ணப்பத்தை இந்த ஒழுங்குவிதிகளின் முன்னால் வைத்தால் அதை நியாயப்படுத்துவது சுலபமல்ல.

சிக்கல் எங்கே என்றால், இதுவரை எழுதப்பட்ட முறைப்பாடுகளில் நான் பார்த்தவை எல்லாம் கெஞ்சல் கடிதங்கள். "தயவுசெய்து வட்டியைக் குறைத்து உதவவும்", "கால அவகாசம் தந்து உதவவும்". தெஹியோவிட்டயில் நான் பார்த்த ஏழு கடிதங்களிலும் "உதவவும்" என்ற சொல் இருந்தது, நட்டஈடு என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. தோட்டத்து ஆபிஸுக்கு எழுதிப் பழகிய மொழி அது. துரைக்கு எழுதும் மொழியில் வங்கிக்கு எழுதினால், துரை கொடுக்கும் பதில்தான் வங்கியும் கொடுக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் கேட்க வேண்டும். "அவளும்தான் மற்றக் கடன்களை மறைத்தாள்" என்பது முதலாவது. சிலர் மறைத்திருக்கிறார்கள், உண்மை. அதனால்தான் 1990ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் கடன் தகவல் பணியகம் உருவாக்கப்பட்டது. விசாரித்துப் பார்க்கும் வசதியும் சம்பளத்துக்கு ஆளும் கம்பனியிடம் இருக்கின்றன. இரண்டாவது வாதம் கனமானது: இப்படி நட்டஈடு கேட்டால் நாளைக்கு ஏழைக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆந்திரப் பிரதேசத்தில் 2010 ஒக்டோபரில் அவசரச் சட்டம் வந்தபோது நுண்கடன் கம்பனிகளின் வசூல் நின்றது, புதுக்கடனும் நின்றது, பலர் பழைய வட்டிக்காரரிடமே திரும்பினார்கள். இதை மறைத்துவிட்டு எழுத முடியாது. தோட்டத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் இரவோடு இரவாகப் பணம் வேண்டும், அதற்குக் கூட்டுறவோ அரச வங்கியோ இன்னும் வரவில்லை. ஆனாலும் கிழமைக்கு 5,000 உழைப்பவரிடம் 4,600 தவணை எதிர்பார்க்கும் கடன் நின்றுபோனால் இழப்பு யாருக்கு என்று அக்காவிடம் கேட்டால் அவர் சிரிப்பார்.

2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாட்களைத் தாண்டி நடந்தது, கொரோனா அதை முடித்துவைத்தது. நுண்கடன் காரணமாக 200க்கும் அதிகமான பெண்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். (கடன் நெருக்கடியில் மனம் உடைந்து போயிருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழைக்கலாம்.) அந்தப் பெண்கள் பெரும்பாலும் சிங்களவர். வடக்கிலிருந்து சிலர் போய் அவர்களோடு உட்கார்ந்தார்கள், மலையகத்திலிருந்து போனவர்கள் குறைவு. தோட்டத் தொழிற்சங்கங்களுக்கு நாட்சம்பளம் ஒரு பிரச்சினை, அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பது வேறு பிரச்சினை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானபோது கூடிய 350 ரூபாவில் எவ்வளவு சென்டர் கூட்டத்துக்குப் போயிற்று என்று எந்தச் சங்கமும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

2023இல் வெளிவந்த நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டமூலத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் யாருக்கு உரிமம், யாருக்கு இல்லை என்பதில் சுற்றியது. ஊர் மரண உதவிச் சங்கங்களும் பெண்களின் சிறு சேமிப்புக் குழுக்களும் கம்பனிகளோடு ஒரே வலையில் விழுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் இனி எந்தச் சட்டம் வந்தாலும் அதில் தேட வேண்டியது இன்னொன்று: கட்டும் சக்தியைப் பார்க்காமல் கொடுத்த கடனுக்கு, ஏற்கெனவே கட்டிய வட்டியைத் திருப்பிக் கேட்கும் உரிமை. அந்த வாசகம் இல்லாத சட்டம் எதிர்காலக் கடனாளியைக் கொஞ்சம் காப்பாற்றலாம், 2022இல் கையெழுத்துப் போட்டவருக்கு அதில் எதுவுமில்லை.

அதுவரைக்கும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தவணைப் புத்தகத்தை யாரிடமும் திருப்பிக் கொடுக்காதீர்கள், கடன் முடிந்தாலும். விண்ணப்பத்தினதும் ஒப்பந்தத்தினதும் பிரதியை எழுத்தில் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்ததையும் திகதியோடு எழுதி வையுங்கள். கடன் எடுத்த மாதத்துச் சம்பளச் சீட்டைத் தேடி அதோடு இணையுங்கள். விண்ணப்பத்தில் உள்ள வருமானத்துக்கும் சம்பளச் சீட்டிலுள்ள வருமானத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் முதல் சாட்சி. முறைப்பாட்டை முதலில் கம்பனிக்கு, தமிழிலேயே, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கிக்கும், நிறுவனம் அந்தத் திட்டத்தில் இணைந்திருந்தால் நிதிக் குறைகேள் அதிகாரிக்கும் போகலாம். கடிதத்தில் எவ்வளவு வட்டி கட்டினீர்கள் என்ற தொகையை எழுதி, அதைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைத் தவணைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.